வேலை இல்லாத பெரியவர்களுக்குப் பனியன் தையல் பயிற்சி: வகுப்பைத் திட்டமிடும் முறை

அவிநாசிப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில், வேலையின்றி இருந்த பெண்களுக்குப் பனியன் (பின்னலாடை) தையல் கற்றுத்தரும் எட்டு வாரப் பயிற்சியை இரண்டு முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை சேர்ந்த பதினெட்டுப் பேரில் ஏழு பேர்தான் கடைசி நாள்வரை வந்தார்கள். இரண்டாம் முறை பதினாறு பேரில் பதின்மூன்று பேர் முடித்தார்கள். இடையில் நின்ற மூவரும் வேலை கிடைத்துப் போனவர்கள். கடைசி இரண்டு வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்த இரண்டு இயந்திரங்களைத் தவிர, கூடம், இயந்திரங்கள், பயிற்றுநர் எல்லாம் இரண்டு முறையும் ஒன்றே. மாறியது திட்டம்தான் என்பதால் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இடம் பிடிப்பது, மின் இணைப்பு வாங்குவது ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே.

படி 1: வேலை கொடுப்பவரிடம் முதலில் பேசுங்கள்

பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன் பக்கத்திலுள்ள மூன்று கம்பெனிகளுக்குச் சென்று, லைன் சூப்பர்வைசரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: புதிதாக வருபவரை இயந்திரத்தில் உட்காரவைத்து எதைத் தைக்கச் சொல்வீர்கள்? திருப்பூர் வட்டாரத்தில் வாசல் பலகையில் 'சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை' என்றுதான் எழுதியிருப்பார்கள். சிங்கர் என்பது நேர்த்தையல் போடும் இயந்திரம்; ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தைப் பிசிர் வராமல் சுற்றித் தைப்பது; கைமடி என்பவர் டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் உதவியாளர்; செக்கிங் என்பது தைத்ததில் குறை பார்ப்பது. நான் பேசிய எவரும் சான்றிதழை முதலில் கேட்கவில்லை. ட்ரையல் பீஸை, அதாவது அங்கேயே தைத்துக் காட்டும் மாதிரித் துண்டைத்தான் பார்த்தார்கள். முதல் முறை நாங்கள் ஜாக்கெட் வெட்டுவதற்கே மூன்று வாரங்களைச் செலவிட்டோம். வீட்டிலிருந்து தைக்க விரும்புவோருக்கு அது தேவையானதே. ஆனால் எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வாரச் சம்பளத்தை எதிர்பார்த்தவர்கள்.

படி 2: ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்

விண்ணப்பப் படிவம் போதாது. வீட்டில் யார் சமைக்கிறார்கள், குழந்தை எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறது, எந்தப் பேருந்தில் வருவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் கூலி வேலைக்குப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பேருந்து வரும் நேரத்துக்கு ஏற்ப வகுப்பைத் தொடங்குவது, பயணப்படி தருவதைவிடப் பலருக்கும் உதவியாக இருந்தது.

கண் பார்வையைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்த ஓர் அக்கா முதல் வாரம் முழுவதும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடுமாறினார். நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஊசியைக் கையெட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு, யாரும் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அவருக்குக் கை வரவில்லை என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடி போட்ட மறுநாள் அவர் மற்றவர்களுக்கும் நூல் கோத்துக் கொடுத்தார். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கண் பரிசோதனைக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: பாதியில் நின்றாலும் பயன் தரும்படி பாடத்தைப் பிரியுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும் என்று எண்ணி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வகுப்பு வைத்தேன். உண்மையில் அவர்கள் களை எடுக்கப் போவார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போவார்கள். வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. மூன்றாம் வாரத்தில் வட்டிக்காரர் வரும்போது, எட்டாம் வாரத்தில் கிடைக்கப்போகும் திறமை கைகொடுக்காது. இடையில் நின்றவர் கையில் அதுவரை கற்றதில் விற்கத்தக்கது எதுவும் இல்லாதபடி நான்தான் பாடத்தை அமைத்திருந்தேன்.

இரண்டாம் முறை பாடத்தை ஏணிபோல் பிரித்தேன். முதல் இரண்டு வாரங்களில் செக்கிங், பிசிர் வெட்டுதல், கைமடி. அதாவது ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதும், டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுப்பதும். அத்துடன் நிற்க நேர்ந்தாலும் ஒருவர் கைமடியாகச் சேரலாம். அடுத்த நான்கு வாரங்கள் சிங்கர். கடைசி இரண்டு வாரங்கள் ஓவர்லாக். அதற்கு மட்டும் இரண்டு இயந்திரங்களை வாடகைக்கு எடுத்தோம். வகுப்பு நேரம் காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை. கடைசி வாரம் மட்டும் காலை எட்டரை மணிக்கே தொடங்கி முழு ஷிப்ட் நேரமும் உட்காரவைத்தோம். ஏனெனில், நன்றாகத் தைக்கத் தெரிந்தும் இடுப்பு வலி தாங்காமல் முதல் வாரத்திலேயே கம்பெனியை விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: இயந்திரமும் பயிற்சித் துணியும்

எட்டு இயந்திரங்கள் இருந்தால் பதினாறு பேருக்குமேல் சேர்க்காதீர்கள். ஒருவர் தைக்க மற்றவர் கைமடியாக இருந்து, அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறட்டும். பழைய இயந்திரம் வாங்கினாலும் சர்வோ மோட்டார் உள்ளதையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. கிளட்ச் மோட்டாரில் மிதியைச் சற்று அழுத்தினாலும் துணி பாய்ந்து ஓடும்; புதியவர் அந்தப் பயத்திலிருந்து மீளவே ஒரு வாரம் ஆகும். சர்வோவில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தில் உட்காரும் முதல் மூன்று நாள்கள் நூல் இல்லாமல் கோடு போட்ட தாளில் ஓட்டச் செய்யுங்கள். ஊசித் துளைகள் கோட்டின்மேல் விழுகின்றனவா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிறகு, கிலோக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணிக்கு மாறலாம். பின்னாலிருந்து துணியை இழுக்கும் பழக்கத்தை முதல் நாளே திருத்துங்கள். பனியன் துணி இழுத்தால் விரியும், தையல் அலை அலையாக நிற்கும். ஊசி, முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியாக இருக்கட்டும். கூர்முனை ஊசி துணியின் இழையை அறுத்துவிடும்; துவைத்த பிறகுதான் அந்த ஓட்டை கண்ணில் படும்.

படி 5: வகுப்புக்குப் பிந்தைய மாதங்களையும் திட்டத்தில் எழுதுங்கள்

கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய, வேலையற்ற இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி தரும் ரூட்செட்டி நிறுவனமும், அதை முன்மாதிரியாகக் கொண்டு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவரோடு தொடர்பில் இருக்கின்றன. நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும் முதல் மூன்று மாதங்களுக்கு, சம்பளம் போடும் சனிக்கிழமைக்கு மறுநாள் ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். அந்த வேலைக்கு ஓர் ஆளைப் பெயர் குறிப்பிட்டு நியமித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஆண்களும் சேர்ந்தால் இந்த நேர அட்டவணை பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பகலில் கூலி வேலைக்குப் போகும் ஆண்களுக்கு மாலை ஆறரை மணிக்குத் தனி வகுப்பு வைப்பதே நல்லது. கைக்குழந்தையுடன் வருவோரைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். எங்கள் கூடத்தில் இயந்திரங்களிலிருந்து தள்ளி, மூலைத் தூணில் தூளி கட்டினோம். நூல்கண்டு, கத்தரிக்கோல் எதுவும் அந்தப் பக்கம் போகாதபடி நடுவில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டோம்.