நெல்லையிலிருந்து துபாய்: விமான தூரமும் பயண நேரமும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

டிக்கெட்டில் திருவனந்தபுரத்திலிருந்து காலை 10:00-க்குப் புறப்பாடு, பகல் 12:45-க்கு துபாய் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்தால் தப்பு. ஒரு சயின்டிபிக் கால்குலேட்டரை எடுங்கள், போட்டே பார்த்துவிடலாம். போன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினாலும் போதும்.

படி 1: இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை மேப்பில் பாருங்கள். திருவனந்தபுரம் 8.48 வடக்கு, 76.92 கிழக்கு. துபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு. தீர்க்கரேகை இரண்டுமே கிழக்கு, அதனால் கழிக்க வேண்டும்: 21.56. நியூயார்க் மாதிரி மேற்கே உள்ள ஊர் என்றால் கூட்ட வேண்டும்.

படி 2: கால்குலேட்டர் 'டிகிரி'யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைப் போடுங்கள்:

சைன் 8.48 × சைன் 25.25 + காஸ் 8.48 × காஸ் 25.25 × காஸ் 21.56

விடை 0.8949. இதற்கு இன்வர்ஸ் காஸ் அழுத்தினால் 26.5 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி 111.2 கி.மீ. ஆக, சுமார் 2,947 கி.மீ. 0.8949-க்குப் பதில் 0.62, 26.5-க்குப் பதில் 0.90 என்று வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இல்லை, 'ரேடியன்' என்ற இன்னொரு கோண அளவில் இருக்கிறது. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

படி 3: விமானம் நூல் பிடித்த மாதிரி போகாது, வகுத்த வான்வழியில்தான் போகும். 5 சதவீதம் சேர்த்து 3,100 கி.மீ. என்று கொள்ளுங்கள். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. வேகம். வகுத்தால் 3.65. இது 3 மணி 65 நிமிடம் இல்லை! 0.65-ஐ 60-ஆல் பெருக்கினால் 39 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 35 நிமிடம் சேர்த்தால் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளினால் கொஞ்சம் குறையும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு 850 போடாதீர்கள். அது விசிறி வைத்தது, 500 போதும்.

படி 4: துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். 10:00 + 4:15 = நம் கடிகாரத்தில் பிற்பகல் 2:15. ஒன்றரையைக் கழித்தால் 12:45. டிக்கெட்டோடு சரியாகப் பொருந்துகிறதா? வரும்போது அதே ஒன்றரையைக் கூட்ட வேண்டும்.

படி 5: ரோட்டு நேரம். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கி.மீ. மார்த்தாண்டம் தாண்டினால் ரோடு குறுகல், பாலராமபுரம் வரை நெரிசல். 4 மணி நேரம் ஒதுக்குங்கள். விமான நிலையத்தில் 3 மணி நேரம். 10:00 விமானத்துக்கு நெல்லையில் அதிகாலை 3:00-க்கு வண்டி ஏறணும். ஆக மொத்தம் துபாயில் இறங்க 11 மணி 15 நிமிடம். அதில் பறப்பது பாதிகூட இல்லை.

டிரைவரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே இரண்டு டெர்மினலும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கம். வெளிநாட்டு விமானத்துக்குச் சாக்கை பக்கம் உள்ள இரண்டாவது டெர்மினல். சங்குமுகம் பக்கம் போய் இறங்கிவிட்டால் மறுபடி ஊரைச் சுற்றித்தான் வரணும்.