கோழிக்கறியில் ரத்தக்கட்டைக் கேமராவால் கண்டறிவது எப்படி?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய கோழி வெட்டும் கூடத்தில் கறியைத் தரம் பிரிப்பது என் வேலை. பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பண்ணைகளில் இரவில் பிடித்த பிராய்லர் கோழிகள் விடியும் முன்னே வேலந்தாவளம் வழியாக வந்து இறங்கும். நெஞ்சிலோ தொடையிலோ ரத்தம் கட்டியிருந்தால் பழி வண்டி ஓட்டுநர் மேல்தான் விழும். முன்பு நான் இருந்த ஓரிடத்தில் அதற்காக அவர் கூலியில் கையே வைத்தார்கள். பல நாள்களில் வந்த கட்டுகள் பச்சை நிறத்தில் இருந்தன. அப்போது எனக்கு அதன் பொருள் தெரியாது. தெரிந்த பிறகுதான் கேமரா வாங்கினேன்.

படி 1: நிறத்தைப் படியுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். உயிருள்ள கோழிக்கு அடிபட்ட சில நிமிடங்களில் அந்த இடம் சிவக்கும். சுமார் 12 மணி நேரத்தில் கருஞ்சிவப்பும் ஊதாவும் ஏறும். ஒரு நாள் ஆகும்போது பச்சை தட்டத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாவதே காரணம். கோழி இறந்ததும் இந்த மாற்றம் நின்றுவிடும். ஆகவே பளிச்சென்ற சிவப்பு என்றால் எங்கள் கூடத்தில் இறக்கி மாட்டிய கைகளைப் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு என்றால் பிடித்து ஏற்றியதிலும் பயணத்திலும் தேட வேண்டும். பச்சை என்றால் வண்டி வருவதற்கு முன்பே, பண்ணையிலேயே அடிபட்டிருக்கிறது. எல்லைகள் கத்தி வெட்டியதுபோல் இருக்காது. ஒரு கோழியை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

படி 2: மேடையும் வெளிச்சமும்

நீல நிறப் பலகையைப் பின்னணியாக வையுங்கள். கறியில் நீலம் கிடையாது என்பதால் கணினி கோழியைச் சுலபமாகப் பிரித்தெடுக்கும். ஈரக்கறி பளபளக்கும், அந்தப் பளபளப்பைக் கணினி கறியில் உள்ள வெள்ளை வரி என்று நம்பிவிடும். விளக்கின் முன் ஒரு போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொன்றும் வைத்தால் பளபளப்பு அடங்கும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் காலைச் சிவப்பு வேறு, மாலைச் சிவப்பு வேறு.

படி 3: எளிய நிரல்

ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி, பைத்தான் நிரல்மொழி, படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற இலவச நிரல்தொகுப்பு போதும். படத்தை, நிறம், செறிவு, ஒளிர்வு என்று பிரித்துக் காட்டும் எச்எஸ்வி நிறமுறைக்கு மாற்றி, நீலத்தை நீக்கி, மிஞ்சும் கோழிக்குள் கருஞ்சிவப்பும் பச்சையும் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஓப்பன்சிவியில் நிற எண் 0 முதல் 179 வரை ஓடும், சிவப்பு இரண்டு முனையிலும் இருக்கிறது. ஒரு முனையை மட்டும் எடுத்தால் பாதிக் கட்டுகள் தப்பிவிடும்.

படி 4: கற்றுக்கொடுத்தல்

தலைகீழாகத் தொங்கும்போது இறக்கை நுனியில் தேங்கும் ரத்தமும் சிவப்பாகத்தான் தெரியும். இதைப் பிரித்தறிய நிறம் மட்டும் போதாது. மொபைல்நெட் போல, படங்களை இனம்காண ஏற்கெனவே பழகிய செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை எடுத்து, உங்கள் படங்களால் மேலும் பழக்குங்கள். ஒவ்வொரு படத்தையும் அனுபவமுள்ள இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கட்டும். அவர்கள் கருத்து மாறும் படங்களை ஒதுக்கி வையுங்கள். சோதனைக்கு வேறு நாள்களில் எடுத்த படங்களையே பயன்படுத்துங்கள். ஒரே நாளின் படங்களைக் கலைத்துப் பிரித்தால் முடிவு பொய்யாக இனிக்கும்.

நெஞ்சுக்கறியில் நார்ப்போக்கில் ஓடும் வெள்ளை வரிகளையும் இதே வழியில் பிடிக்கலாம். அவை அடியால் வருபவை அல்ல. வேகமாக வளரும் பெரிய கோழிகளில் தசைநாருக்கு மாற்றாகக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் படிவதால் வருபவை. 1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வரியைக் கடுமையானதாகக் கொள்வார்கள். 30 சென்டிமீட்டர் அகலத்தை 1920 புள்ளிகளில் படமெடுத்தால் மில்லிமீட்டருக்கு ஆறு புள்ளிகள் கிடைக்கும், அது தாராளம்.

மரக்கட்டைபோல் இறுகிய நெஞ்சை மேலிருந்து எடுத்த படம் உறுதியாகச் சொல்லாது. நல்ல துண்டு பெல்ட்டின் முனையில் வளைந்து தொங்கும், இறுகியது நீட்டி நிற்கும்; பக்கவாட்டுக் கேமரா அந்த வளைவை அளக்கும். நெஞ்சின் உள்சதை பச்சையாகிச் செத்துப்போகும் குறையோ எலும்பை எடுக்கும் வரை எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அங்கே கையும் கண்ணும்தான்.

படி 5: பதிவேடு

ஒவ்வொரு படத்துடனும் பண்ணை, வண்டி, ஏற்றிய நேரம் மூன்றையும் சேமியுங்கள். எங்களிடம் ஒரே பண்ணையின் கோழிகளில் பச்சைக் கட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. பண்ணைக்காரரை அழைத்துத் திரையில் வரிசையாகக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "தீனித் தொட்டி பத்தவில்லை, தீனி போடும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன" என்றார். அடுத்த வாரமே தொட்டிகளைக் கூட்டினார். அன்று கோழி ஏற்றி வந்த ஓட்டுநரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.