ஊசலைக் கொண்டு அறிவியலும் கணிதமும் கற்பிப்பது எப்படி?

அறிவியலுக்குத் தனியாகவும் கணிதத்துக்குத் தனியாகவும் துணைக்கருவிகளைச் சேர்ப்பதைவிட, ஒரே கருவியைக் கொண்டு இரண்டு பாடங்களையும் நடத்துவதே மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு, நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆடச் செய்யும் தனி ஊசலைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

நீட்சியடையாத நூல், சிறிய உலோகக் குண்டுகள் இரண்டு, மீட்டர் அளவுகோல், நிறுத்துக் கடிகாரம், வரைபடத்தாள் ஆகியவை போதும். நூலை ஆணியில் சுற்றித் தொங்கவிட்டால், குண்டு ஆடும்போது நூல் ஆணியின்மேல் சுற்றிச் சுற்றி அவிழ்வதால் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவே நூலை வைத்து இறுக்கித் தாங்கியில் பொருத்துங்கள். நீளத்தை அந்தப் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். முடிச்சு வரை மட்டும் அளப்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

குண்டைப் பத்துப் பாகைக்கு மிகாமல் விலக்கி, தள்ளாமல் விடச் சொல்லுங்கள். கடிகாரத்தை அழுத்தும் கை சற்றுத் தாமதிக்கும் என்பதால் ஓர் அலைவை, அதாவது குண்டு ஒருமுறை இருபுறமும் சென்று திரும்புவதை, மட்டும் அளப்பதில் பயனில்லை. இருபது அலைவுகளுக்கு அளந்து இருபதால் வகுத்தால் அந்தப் பிழையும் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குண்டு மிக வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியிலேயே எண்ணத் தொடங்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கும் கணத்தில் ‘ஒன்று’ என்று சொல்லும் மாணவர் உண்மையில் பத்தொன்பது அலைவுகளையே அளக்கிறார். ‘மூன்று, இரண்டு, ஒன்று, சுழி’ என்று எண்ணப் பழக்கினால் இந்தக் குழப்பம் வராது.

முதலில் எடை கூடிய குண்டையும் குறைந்த குண்டையும் மாற்றிப் பார்க்கச் செய்யுங்கள். கனமான குண்டு விரைந்து ஆடும் என்றே பெரும்பாலோர் ஊகிப்பார்கள். அந்த ஊகத்தைக் கரும்பலகையில் எழுதிவைத்த பிறகு அளந்தால், அலைவு நேரம் மாறவில்லை என்பது அவர்கள் மனத்தில் ஆழப் பதியும். 1656-இல் டச்சு அறிவியலாளர் கிறித்தியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியதை இங்கே சொன்னால், சீரான அலைவின் பயன் அவர்களுக்கு விளங்கும்.

அடுத்து நீளத்தை 25, 50, 75, 100 சென்டிமீட்டர் என மாற்றுங்கள். அலைவு நேரம் ஏறத்தாழ 1.00, 1.42, 1.74, 2.01 நொடிகள் எனக் கிடைக்கும். நீளம் நான்கு மடங்கானபோது நேரம் இரு மடங்குதான் ஆயிற்று என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். சூத்திரத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால், அளவீடுகளைச் சூத்திரத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதும் பழக்கம் வந்துவிடும். நான் அப்படிச் செய்து, ஒரு வகுப்பு முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

கணித வகுப்பில், நேரத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் வரைந்தால் வளைகோடு வரும். நேரத்தின் வர்க்கங்களைக் கணக்கிட்டால் அவை ஏறத்தாழ 1, 2, 3, 4 என அமையும். அவற்றை நீளத்துக்கு எதிராகக் குறித்தால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். நேரத்தின் வர்க்கம் = 4 × பையின் வர்க்கம் × நீளம் ÷ புவியீர்ப்பு முடுக்கம் என்ற சூத்திரத்தை இப்போது சொல்லலாம். மீட்டருக்குச் சுமார் 4 என வரும் சாய்வால் பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கை வகுக்கும்போது, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/நொடி²-ஐ ஒட்டி வருவதைக் காணலாம்.

ஏதேனும் ஒரு புள்ளி கோட்டைவிட்டு விலகினால், அதை அழிக்கச் சொல்லாதீர்கள். 75 சென்டிமீட்டருக்கு இருபது அலைவுகளின் நேரம் 34.8 நொடிக்குப் பதில் 33.0 என்று இருந்தால், பத்தொன்பது அலைவுகளையே இருபது என்று எண்ணியிருப்பார்கள். அந்த நீளத்தை மட்டும் மீண்டும் அளக்கச் சொல்லி, புதிய புள்ளியைப் பழையதன் அருகிலேயே வேறு நிறத்தில் குறிக்கச் செய்யுங்கள்.