டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமலே உங்கள் கிதார் பாட்டைப் பதிவு செய்வது எப்படி?

கிதார் வாசிக்கத் தெரியும், சொந்தமாக மெட்டும் இருக்கிறது, ஆனால் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை என்பவர்களுக்கான செய்முறை இது. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்), ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு) என்று ஒவ்வொன்றையும் நிஜமாக அடித்து, தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கும் சிறு ஒலித்துண்டுகள்தான் சாம்பிள்கள். அவற்றைத் தாளமாகக் கோப்பது கணினியின் வேலை. அது மனிதர் வாசித்தது போலக் கேட்கச் செய்வது நம் வேலை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: டிரம்ஸை இரண்டு முறை செய்யுங்கள். கிதாருக்கு முன்னால் எளிமையாக ஒன்று, கிதார் பதிவான பிறகு அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி இன்னொன்று. முதல் முறையோடு நிறுத்திவிட்டால் டிரம்ஸும் கிதாரும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும்.

என்ன தேவை

கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிதாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை மூடும் ஹெட்போன். எலக்ட்ரிக் கிதார் என்றால் கேபிளை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகி, அந்த உள்ளீட்டை இன்ஸ்ட்ருமென்ட் நிலைக்கு மாற்றுங்கள். அக்கூஸ்டிக் என்றால் ஒரு மைக் வேண்டும். கண்டென்சர் மைக்காக இருந்தால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் வேலை செய்யும்.

மென்பொருளுக்கு அதிகம் அலைய வேண்டாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட் இலவசம், டிரம்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதிகளோடு இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் டிரம் சாம்பிள்கள் இருக்காது என்பதால் எம்டி பவர் டிரம்கிட் என்ற இலவச பிளகினை (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரலை) சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் மென்பொருள் இருக்கிறது.

கணினியைத் தயார் செய்தல்

பதிவுத் தரத்துக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். கவனிக்க வேண்டியது பஃபர் அளவு, அதாவது கணினி ஒலியை ஒரு தடவையில் எவ்வளவு சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பது. அதை 1024 என்று வைத்தால், அந்த ஒரு இடத்திலேயே சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதமாகிறது. நீங்கள் மீட்டியது காதில் பிந்திக் கேட்கும், கை தடுமாறும். 128 என்றால் அது 3 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 256-க்கு ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவிக்கொள்வது அவசியம்.

முதல் முறை டிரம்ஸ்

கணினியைத் தொடாமல் பாட்டை ஒரு தடவை வாசித்துப் பாடிப் பாருங்கள். அப்போது வரும் இயல்பான வேகத்தை டேப் டெம்போ பொத்தானில் தட்டினால் எண் கிடைத்துவிடும். 92 என்று வந்தால் 92-தான். பதிவு செய்ய உட்கார்ந்ததும் பதற்றத்தில் கை வேகம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே இதைத் தீர்மானித்துவிடுவது நல்லது.

நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை 16 கட்டங்களாகப் பாருங்கள். 1, 9 கிக். 5, 13 ஸ்நேர். ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் மூடிய ஹை-ஹாட். மிடி (எந்த ஒலி, எவ்வளவு பலத்தில் என்று டிரம் மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு) எண் கேட்டால் பெரும்பாலான டிரம் பிளகின்களில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹாட் 42. இந்த ஒரு சுற்றைப் பாட்டின் நீளத்துக்கு நகலெடுத்து, தொடக்கத்தில் எண்ணிக்கைக்காக இரண்டு சுற்று விடுங்கள். அலங்காரம் எதுவும் இப்போது வேண்டாம்.

கிதார்

சுருதி சேருங்கள். பாட்டில் எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ அதே பலத்தில் மீட்டிக்கொண்டே இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் ஒலியின் அளவை மாற்றும் கெயின் குமிழைத் திருப்பி, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் இந்த அளவு தாராளம். சிவப்பு விளக்கு எரிந்து ஒலி சிதைந்துவிட்டால் திரும்ப வாசிப்பதே நல்ல வழி.

அக்கூஸ்டிக்கில் மைக்கை ஒலித் துளைக்கு நேராக வைக்காதீர்கள், ஒரே உறுமலாக இருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்தபடி ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தொடங்கி, ஹெட்போனில் கேட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிரம்ஸும் மைக்கில் ஏறிவிடும்.

ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் வாசிக்க வேண்டியதில்லை. பல்லவி, சரணம் என்று பிரித்து எடுக்கலாம். ஆனால் ஸ்ட்ரம்மிங்கை இன்னொரு தடவை புதிதாக வாசித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வையுங்கள். நகலெடுத்து ஒட்டினால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடுகள்தான் அந்த அகலத்தைத் தருகின்றன.

இரண்டாம் முறை டிரம்ஸ்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கிதாரைக் கேட்டு, வலது கை எங்கே அழுத்தம் கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிக்கை அந்த இடங்களுக்கு நகர்த்துங்கள். ஒரே ஒரு கிக் சரியான இடத்துக்குப் போனாலே பாட்டு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து அடியின் பலம். மிடியில் அது 1 முதல் 127 வரை. ஹை-ஹாட் எல்லாம் 100 என்று இருந்தால் இயந்திரம் என்று உடனே தெரிந்துவிடும். எண்ணிக்கையில் விழும் அடிகளை 95 அருகிலும், இடையில் விழுபவற்றை 65, 70, 75 என்று மாற்றி மாற்றியும் வையுங்கள். நல்ல சாம்பிள்களில் பலம் மாறும்போது ஒலியின் தன்மையே மாறும்.

டிரம்மருக்கு இரண்டு கைகள்தான் என்பதை மறக்க வேண்டாம். ஸ்நேரும் கிராஷ் தட்டும் சேர்ந்து விழும் நொடியில் ஹை-ஹாட்டைக் குச்சியால் அடிக்க அவருக்குக் கை இருக்காது, அந்த அடியை நீக்குங்கள். டாம் டிரம்களில் உருட்டும்போதும் அப்படியே. முதல் சரணத்தில் கிக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். பல்லவியில் ஸ்நேர் வந்து சேரும்போது அதன் பலம் புரியும்.

கலவை

முதலில் பஃபரை 1024-க்கு ஏற்றிவிடுங்கள், இப்போது தாமதம் பிரச்சினை இல்லை. கிதாரின் கனமான தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிதார் டிராக்கில் இருப்பது பெரும்பாலும் தட்டலும் இரைச்சலும்தான். 80-க்குக் கீழே வெட்டினால் கிக்குக்கு இடம் கிடைக்கும். கிக்கும் ஸ்நேரும் நடுவில் இருக்கட்டும்.

சாம்பிள்கள் வேறு ஏதோ ஓர் அறையில் பதிவானவை, கிதார் உங்கள் அறையில். அறையின் எதிரொலியைத் தரும் ரிவெர்ப் டிராக் ஒன்றை மட்டும் உருவாக்கி, ஸ்நேர், கிதார் இரண்டையும் கொஞ்சம் அதற்கு அனுப்புங்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒலிப்பது போல ஆகிவிடும்.

முழுப் பாட்டின் ஒலியளவைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து போனிலும் கேளுங்கள். கிக் காணாமல் போயிருந்தால் ஒலியளவை ஏற்றாதீர்கள். 60 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே கிக்கைச் சிறிது தூக்கினால், தோலில் கட்டை படும் ‘டக்’ சத்தம் முன்னால் வந்து போனிலும் தாளம் கேட்கும்.