கன்னத்து வீக்கம் வத்தலீங்களா? மூக்கையும் மூத்திரத்தையும் பாருங்க

எங்க சின்னம்மாளுக்கு காதுக்குக் கீழ வீங்குனப்ப பொன்னுக்குவீங்கின்னு சொல்லி தங்கச்சங்கிலிய கழுத்த விட்டு கழட்டவே விடல, வேப்பெலையும் மஞ்சளும் அரைச்சு பத்துப் போட்டோம், பொறவு ஒரு பல் டாக்டர் கடவாப்பல்ல புடுங்கிப்போட்டாரு, ஆன்டிபயாடிக் ரெண்டு கோர்ஸ் முடிஞ்சுது, வீக்கம் மட்டும் நெல்லிக்காயாட்ட அப்படியே நிக்குது. கடைசில பாத்தா ஜிபிஏங்க. கிரானுலோமட்டோசிஸ் வித் பாலியான்ஜைட்டிஸ்னு முழுப்பேரு, 2011 வரைக்கும் வெக்னர்னு சொன்னாங்க, பழைய டாக்டருங்க சீட்டுல இன்னமும் அப்படி எழுதுனா கொழம்ப வேண்டாம், ரெண்டும் ஒண்ணுதான். நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம சின்ன ரத்தக்குழாய்கள தாக்கற சீக்கு, மூக்கு சைனஸ் நுரையீரல் கிட்னின்னு போகும். காதுக்குக் கீழ இருக்கற எச்சில் சுரப்பிக்கு வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா சிலருக்கு மொத மொதல்ல தலகாட்டறதே அங்கதான்.

வீக்கத்த எப்படி பாக்கறதுன்னா, சோறு திங்கறப்ப வலியோட புடைச்சு கொஞ்ச நேரத்துல வத்துனா எச்சில் குழாய்ல கல்லா இருக்கலாம். பொன்னுக்குவீங்கின்னா பத்து நாளைக்குள்ள பெரும்பாலும் எறங்கிரும். வாரக்கணக்கா எறங்காம கெட்டியா நிக்குதுன்னாத்தான் வெசனப்படணும், அப்ப மூக்கப் பாருங்க. சின்னம்மா தினம் வெடியால மூக்குச் சிந்துனா ரத்தம் கலந்த பொறுக்கு வரும், "சளி காஞ்சிருக்குது போ கண்ணு"ன்னு சொல்லிப்போட்டு தண்ணி ஊத்தி கழுவி உட்டுருவாங்க, நாங்களும் அத ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லல. அதான் எங்க தப்பு. ஈறு செவந்து பொடிப்பொடியா வீங்கறது, காது மந்தம், கண்ணு செவக்கறது, மூட்டுவலி எல்லாத்தையும் தேதி போட்டு ஒரே நோட்டுல எழுதிக்குங்க, தனித்தனி டாக்டர்கிட்ட தனித்தனியா சொன்னா யாருக்குமே முழுசா புடிபடாது.

டெஸ்ட்டுல யூரின்தாங்க மொதல்ல, செலவும் கம்மி. கிட்னி கெட ஆரம்பிச்சா வலியே இருக்காது, கண்ணுக்கு தெரியாத ரத்தமும் புரோட்டீனும் அதுலதான் மாட்டும், கூடவே கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டு. அப்பறம் ஆன்கா (ANCA), இந்த சீக்குல ரத்தத்துல வர்ற எதிர்ப்பொருள பாக்கற டெஸ்ட்டு, அதுல பிஆர்3ங்கற வகை. நெகட்டிவ்னு வந்தாலும் இல்லைன்னு முடிவு கட்ட முடியாது, மூக்கு அளவுல நிக்கறவங்களுக்கு நெகட்டிவாவே வரலாம். டிபி இருந்தாலும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும்.

ஊசி போட்டு எடுக்கற எஃப்என்ஏசி டெஸ்ட்டுல வெறும் அழற்சின்னு மட்டும் வரலாம், எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. சதை எடுக்கற பயாப்ஸி கேளுங்க, காதுப்பக்க சுரப்பிக்குள்ளதான் மூஞ்சிய அசைக்கற நரம்பு போகுது, அதனால கைப்பழக்கமுள்ள ஈஎன்டி சர்ஜன் பாக்கறது நல்லது. கிரானுலோமான்னு (அழற்சி செல்லுங்க ஒண்ணுகூடி உருண்ட பொடிக் கட்டி) ரிப்போர்ட் வந்தா நம்மூர்ல மொத சந்தேகமே டிபிதான், அதுவும் நியாயந்தான், அதனால அதே சதையில டிபி டெஸ்ட்டும் பண்ணச் சொல்லி கேட்டுப்போடுங்க. எடுத்த சதையோட ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கி வச்சுக்குங்க, கோபியில இருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸேறி போனதுக்கப்பறம் அது இல்லாம திரும்பி வந்த அனுபவம் எனக்கு இருக்குது. பாக்க வேண்டியவரு ருமட்டாலஜிஸ்ட், மூட்டு சீக்கும் இந்த மாதிரி எதிர்ப்பு சக்தி சீக்கும் பாக்கற டாக்டரு.

இருமல்ல ரத்தம், மூச்சு வாங்கறது, மூத்திரம் கொறையறது இல்ல காப்பி நெறத்துல போறது, பாதத்த தூக்க முடியாம தொங்கறது, மூஞ்சி ஒரு பக்கம் கோணறது, இதுல எது வந்தாலும் அப்பாயின்மென்ட் பாத்துட்டு உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சி.

மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு, கூட எதிர்ப்பு சக்திய அடக்கற ரிட்டுக்சிமாப் இல்ல சைக்ளோபாஸ்பமைடு. ரிட்டுக்சிமாப் போடறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி பாத்தாங்களான்னு கேளுங்க. வீக்கம் வேகமா வத்தும், அந்த சந்தோசத்துல ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திப்போடாதீங்க, திடீர்னு விட்டா உசுருக்கே ஆபத்து. ஒறம்பரைல யாராவது நாட்டுமருந்து தாட்டி விட்டாலும் டாக்டர்கிட்ட காட்டாம வாயில வைக்காதீங்க.

வாய் வறண்டா சித்த சித்த தண்ணி, ஃபுளோரைடு பேஸ்ட், அரிசிம்பருப்பு சோத்த நல்லா கொழைய ஆக்கி குடுங்க, வெத்தலபாக்கு வேண்டவே வேண்டாம். பாக்க வர்றவங்க பொள்ளாச்சி எளநி தூக்கிட்டு வருவாங்க, கிட்னி பாதிச்சிருந்தா அதுல இருக்கற பொட்டாசியம் ஆகாதுங்க, ரிப்போர்ட்ட காட்டி கேட்டுக்கிட்டு வெட்டுங்க.