கிராணியார் ராணியார் ஆன கதை: ரசிகர் புனைவுக் காப்பகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து என்னிடம் டியூஷனுக்கு வரும் பெண் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். சோழர் காலத் தொடர்கதை ஒன்றின் பாத்திரங்களை எடுத்து, 1950களின் ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியேற்றி ஒரு கதை எழுதினாள். இளவரசி பால்மரம் வெட்டப் போகிறாள். ஒற்றன் காண்டா, அதாவது பால் வாளிகள் தொங்கும் தோள்கம்பு, தூக்குகிறான். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படிப் பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைதான் ரசிகர் புனைவு. கதையை அப்படிப்பட்ட கதைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன இணையக் காப்பகத்துக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பிரதி திரும்பி வந்தது.

தோட்டத்து எழுத்தரைக் கிராணி என்போம். "கிராணியார் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்" என்று அவள் எழுதியிருந்த இடத்தில் "ராணியார் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்" என்றிருந்தது. "பசியாறிட்டியா?" என்பது "சாப்பிட்டாயா?" ஆகியிருந்தது. பெரட்டு என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். கடைசியில் ஒரு வரி: தமிழின் தரம் போதாது, மீண்டும் முயலவும்.

அவள் மீண்டும் முயலவில்லை. கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, "பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். வரும் கதைகளைப் பார்த்து ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்யும் மட்டுறுத்துநராக நானும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

திருத்தியவர் கெட்டவர் இல்லை, தமிழ்மேல் பற்றுள்ளவர்தான். ஆனால் மூன்று வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார். காப்பகத்தின் விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவது இன்னொன்று. தன் காதுக்குப் பழகிய தமிழாக இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது மட்டுறுத்துநரின் வேலையே இல்லை. 'ஒற்று மிகும் இடம்' தவறினால் பிழை. கிராணியும் பெரட்டும் பசியாறுவதும் எங்கள் ஊர்த் தமிழ். தெரியாத சொல் வந்தால் அடிப்பதற்கு முன் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

'தரம்' என்ற சொல்லையே நாம் பத்திரிகையிலிருந்துதான் காப்பகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பில் பயின்றுதான் மலாயாவில் பலர் எழுத வந்தார்கள். அந்த இருவரும் கதையைத் தள்ளுவதோடு நிற்கவில்லை, பாடமும் நடத்தினார்கள். பத்திரிகையில் இடம் கொஞ்சம். ஒரு கதையைப் போட்டால் இன்னொன்று காத்திருக்க வேண்டும், அதனால் ஆசிரியர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். காப்பகத்தில் அந்த நெருக்கடி இல்லை. சுமாரான கதை ஒன்று உள்ளே வந்துவிட்டதால் நல்ல கதைக்கு இடம் போய்விடாது. அங்கே இருக்கும் சிக்கல் வேறு: குவிந்து கிடக்கும் கதைகளில் வாசகர் தனக்கு வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பார், வேண்டாததிலிருந்து எப்படி ஒதுங்கிக்கொள்வார்? காப்பகத்தின் தரத்தை நான் இதைக்கொண்டுதான் பார்ப்பேன்.

எல்லாக் காப்பகத்துக்கும் ஒரே விதி என்று நினைப்பது எழுதுகிறவர்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. 2001இல் தொடங்கிய சுகர் குவில் என்ற ஹாரி பாட்டர் ரசிகர் தளத்தில் பீட்டா ரீடர் எனப்படும் திருத்துநர் ஒருவர் படித்துத் திருத்திய பிறகுதான் கதை ஏறியது. 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் அப்படி முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை. ஆனால் எதை ஏற்றக் கூடாது என்று நீண்ட பட்டியல் வைத்திருக்கிறது: நிஜ மனிதர்களைப் பற்றிய கதை, நாடக வசன வடிவம், பிறருடைய பாடல் வரிகள், கதையே இல்லாத அறிவிப்பு அத்தியாயம். "எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்ததும் தொடர்கிறேன், மன்னிக்கவும்" என்று ஓர் அத்தியாயம் போட்டால் அங்கே அது விதிமீறல். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், அதாவது ஏஓ3, 2009இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே நிஜ மனிதர்களைப் பற்றிய புனைவுக்கு இடமுண்டு, எழுத்து நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. புகார் வந்தால், விதி மீறப்பட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். எழுத்துப் பிழை மலிந்த கதையைப் 'புகார்' பொத்தானை அழுத்தி அங்கே தெரிவித்தால் ஒன்றும் நடக்காது. படிக்கும் தன்னார்வலர் ஒருவரின் நேரம்தான் வீணாகும்.

ஏஓ3இல் ஏற்றுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் படிவத்தில்தான். எங்கள் பிள்ளைகள் நான்கைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தவை இவை.

வயதுக் குறிப்பை நிரப்பச் சோம்பல்பட்டு 'தரப்படுத்தவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட கதையை அந்தக் காப்பகம் தேடலிலும் எச்சரிக்கையிலும் வயது வந்தோர் கதையைப் போலவே நடத்தும். பாட்டியும் பேத்தியும் செம்பனைக் காட்டில் வழி தவறும் கதைக்கு முன்னால் வயது வந்தோர் எச்சரிக்கை வந்து நிற்கும். பிறகு, 'ஏன் யாருமே படிக்கவில்லை' என்று வருத்தம்.

எச்சரிக்கைப் பெட்டியில் இன்னும் பெரிய குழப்பம். கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயது வராதோர் தொடர்பான பாலியல் என்று நான்கு எச்சரிக்கைகள் உண்டு. அவற்றோடு இரண்டு பதில்கள்: 'எச்சரிக்கை எதுவும் பொருந்தாது', 'எச்சரிக்கை தர விரும்பவில்லை'. இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. முதலாவது வாசகருக்கு நீங்கள் தரும் வாக்கு. இரண்டாவது, உள்ளே எதுவும் இருக்கலாம், தெரிந்தே வாருங்கள் என்று சொல்வது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் சாவதை ரகசியமாக வைக்க வேண்டுமா? தாராளமாக வையுங்கள், ஆனால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதைப் போட்டுவிட்டு அவனைக் கொன்றால் அதுதான் விதிமீறல். அண்மையில் அப்பாவை இழந்த பிள்ளை ஒன்று அந்தக் குறிப்பை நம்பி உள்ளே வந்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் உறவுக் குறி. இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல் அல்லது உடலுறவு. 'அண்டு' என்று சொல்வோமே, அந்தக் குறியைப் போட்டால் நட்பு, குடும்பப் பாசம். அக்காள் தம்பி பாசக் கதைக்கு ஒரு பையன் சாய்கோடு போட்டுவிட்டான். வந்த கருத்துகளைப் பார்த்துக் கதையையே அழித்துவிட்டான். யாராவது தனிமையில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அரை நிமிடத்தில் திருத்தியிருப்பான்.

குறிச்சொல்லை வாரி இறைப்பதும் வேண்டாம். மூலக்கதை, உறவு, பாத்திரம், கூடுதல் குறிச்சொல் எல்லாம் சேர்த்து அங்கே 75க்கு மேல் ஏறாது. பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். குந்தவையை நாலு பேர் நாலு விதமாக எழுதினாலும், குறிச்சொற்களை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்கள் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். மொழிப் பெட்டியில் மட்டும் தமிழ் என்று மறக்காமல் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆங்கிலம் என்று போட்டுவிட்டால் தமிழ்க் கதை தேடும் வாசகர் கண்ணில் உங்கள் கதை படவே படாது.

பணம் பற்றிச் சுருக்கமாக: கதையின் அடியில் நன்கொடை இணைப்பு, வங்கிக் கணக்கு எண், "அடுத்த பகுதிக்குப் பத்து ரிங்கிட்" எதுவும் ஏஓ3இல் கூடாது. இரவல் பாத்திரங்களை வைத்துக் காசு பார்க்கவில்லை என்பது ரசிகர் புனைவுக்குப் பெரிய பாதுகாப்பு.

இனி மட்டுறுத்துநர்களுக்கு. முன்னறிவிப்பு இல்லாமல் அழிப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. 2002இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் வயது வந்தோருக்கான கதைகளைத் தடை செய்து நீக்கியது. 2007இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரேயடியாக முடக்கியபோது, ஒரு குற்றமும் செய்யாத வாசகர் குழுக்களும் அதில் அடிபட்டன. ரசிகர்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு காப்பகம் வேண்டும் என்று முனைந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். பிரதி எடுத்துவைக்காத பிள்ளைக்கு, அழிந்த கதை அழிந்ததுதான். ஏஓ3இல் எழுதியவர் தானே அழித்தால்கூட ஒரு பிரதி அவர் மின்னஞ்சலுக்குப் போய்விடுகிறது. சின்னக் காப்பகத்துக்கும் அது பெரிய செலவில்லை. முதலில் கதையை மறைத்துவைத்து, பிரதியை அனுப்பி, தவணை கொடுத்து, அதன் பிறகு முடிவெடுங்கள்.

பதில் எழுதும்போது "தரம் போதாது" என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. எந்த அத்தியாயம், எந்த வரி, எந்த விதி, எப்படி மாற்றினால் ஏற்பீர்கள், எத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். "மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பாடல் பிறருடையது. அந்த நான்கு வரியை எடுத்துவிட்டால் கதை அப்படியே ஏறும்" என்று வந்தால் பதினேழு வயதுப் பிள்ளை அன்றைக்கே உட்கார்ந்து திருத்தும். ஒற்றுப் பிழை நிறைய இருந்தால், பிரதி திருத்த விருப்பமுள்ள ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். கதையை நிறுத்திவைக்காதீர்கள். அந்தத் திருத்துநரும் மாற்றியதையெல்லாம் நிறம் காட்டித் தரட்டும், ஏற்பதும் விடுவதும் எழுதியவர் முடிவு.

அந்தப் பெண்ணிடம் போன வாரம் கேட்டேன். எஸ்பிஎம் முடியட்டும் டீச்சர் என்கிறாள். வேறொரு காப்பகத்தில் ஏற்ற வேண்டும், கிராணி, பெரட்டு, காண்டா மூன்றுக்கும் கதையின் அடியில் பொருள் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். கிராணியார் கணக்குப் புத்தகத்தோடு வரும் பழைய பிரதி அவள் கைப்பேசியில் மட்டுமே இருந்தது. இப்போது என் கணினியிலும் ஒன்று இருக்கிறது.