பெண்கள் மீதான வன்முறையைக் கலையில் சொல்வது எப்படி?

அடிபட்ட முகத்தையும் ரத்தத்தையும் வரைவதை முதலில் விடுங்கள். பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பாதிக்கப்பட்டவருக்கோ பழைய வலி திரும்பும். 2009-இல் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ் நகரத் தெருவில் கலைஞர் எலினா சாவெட் 33 ஜோடி சிவப்புக் காலணிகளை வைத்தார், அவ்வளவுதான்: போட்டு நடக்க ஆளில்லாத காலணிகளே போதுமாக இருந்தன. அப்படி ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். உண்மைச் சம்பவம் என்றால் அந்தப் பெண்ணின் சம்மதம் கட்டாயம், அடையாளம் எதுவும் தெரியக் கூடாது, நடுவில் அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையிலான பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாள் உலக இயக்கத்தின்போது கண்காட்சியை வைத்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள். அப்புறம், உதவி எண்ணை அங்குள்ள பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். அடிப்பவனோடு சேர்ந்தே வந்திருக்கும் பெண்ணால் அங்கேதான் அதை நிம்மதியாகக் குறித்துக்கொள்ள முடியும்.